வடையின் ஓட்டையும் வயிற்றின் ஜன்னலும்



இன்றைய பேச்சுக்குத் தலைப்பு செரிமானம். மாலை ஆறரை மணி. மண்டபத்துக்குப் பின்னால் யாரோ சுண்டலுக்குத் தாளிக்கிறார்கள். கடுகு வெடிக்கிற சத்தம் மேடை வரைக்கும் கேட்கிறது. பெருங்காய வாசனை வந்ததும் உங்களில் பாதிப் பேர் எச்சில் விழுங்கியதைப் பார்க்க முடிந்தது. ஆகவே பேச்சு தொடங்கும் முன்பே செரிமானம் தொடங்கிவிட்டது!

முதலில் ஒரு கேள்வி. காலையில் சாப்பிட்ட இட்லி எங்கே போனது? "வயிற்றுக்குள்" என்பீர்கள். வயிறு எங்கே இருக்கிறது? "உடம்புக்குள்" என்பீர்கள். அப்படியானால் விழுங்கிய அந்த நிமிடமே இட்லி உடம்புக்குள் வந்துவிட்டதா?

ஒரு மெதுவடையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் விரலை விடுங்கள். விரல் வடைக்குள் இருக்கிறதா? இல்லை. வடை சுற்றிலும் இருக்கிறது, விரல் வெளியேதான் இருக்கிறது. விரலில் எண்ணெய் ஒட்டலாம். வடையின் மாவுக்குள் விரல் போகவில்லை. மனித உடம்பும் கொஞ்சம் நீளமான மெதுவடைதான். வாயில் தொடங்கி ஆசனவாயில் முடிகிற ஒரே நீண்ட ஓட்டை. அதற்குள் போகிற இட்லி, இரைப்பையில் கிடந்தாலும் குடலில் கிடந்தாலும், கணக்குப்படி இன்னும் வெளியேதான் கிடக்கிறது. குழந்தை விழுங்கிய ஒரு ரூபாய்க் காசு பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அப்படியே வெளியே வந்துவிடுகிறதே, ஏன்? அது உள்ளே போகவே இல்லை.

அப்படியானால் இட்லி எப்போது உள்ளே வருகிறது? எந்த வாசல் வழியாக வருகிறது? இதுதான் இன்றைய பேச்சு. நேற்றைக்குத் தெரிந்துகொண்ட சங்கதி இல்லை இது. மனித வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று உயிரோடிருக்கும் ஒருவரிடம் முதன்முதலாக நீண்டகாலம் கண்ணால் பார்த்து எழுதியதே சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்புதான். பார்ப்பதற்கு வழி செய்தது ஒரு துப்பாக்கி.

வட அமெரிக்காவில் ஹியூரான் ஏரியில் மேக்கினாக் என்று ஒரு சின்னத் தீவு. 1822ஆம் ஆண்டு, ஜூன் 6. கோடைக்காலத்தில் அங்கே விலங்குத் தோல் வியாபாரம் கொடிகட்டிப் பறக்கும். காடுகளிலிருந்து தோல் மூட்டைகளைப் படகில் ஏற்றி வரும் பிரெஞ்சுக் கனடியக் கூலிகள் கம்பெனிக் கடையில் மொய்த்துக் கிடப்பார்கள். அவர்களில் ஒருவன் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞன். கடையில் யாரோ வைத்திருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மூன்றடி தூரம்கூட இல்லை. குண்டுகள் இடது மார்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சதையைப் பிய்த்துக்கொண்டு போயின. விலா எலும்பு நொறுங்கியது. நுரையீரலின் ஒரு துண்டு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே இரைப்பையில் ஒரு பொத்தல். பொத்தல் வழியாக அன்று காலை அவன் சாப்பிட்ட உணவு வழிந்தது.

அரை மணி நேரத்துக்குள் ஓடி வந்தவர் வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர். இவன் பிழைக்கமாட்டான் என்றுதான் அவரும் நினைத்தார். அலெக்சிஸ் பிழைத்துக்கொண்டான். ஆனால் புண் ஆறிய விதம்தான் விசித்திரம். இரைப்பையின் ஓட்டையும் தோலின் ஓட்டையும் விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொண்டு ஆறிவிட்டன. சட்டையைத் தூக்கினால் விலாவில் ஒரு துவாரம். துவாரத்துக்கு அந்தப் பக்கம் நேராக இரைப்பை. தொடக்கத்தில் சாப்பிட்டதெல்லாம் கொட்டிவிடும் என்பதால் துணி வைத்துக் கட்டவேண்டியிருந்தது. பிறகு இரைப்பையின் உள்தோலே மடிந்து திரைபோல ஓட்டையை மறைத்துக்கொண்டது. விரலால் தள்ளினால் திரை விலகும். தைத்து மூடிவிடலாம் என்று சொன்னதாகவும் அலெக்சிஸ் சம்மதிக்கவில்லை என்றும் போமான்ட் எழுதியிருக்கிறார். அலெக்சிஸ் தன் பக்கத்துக் கதையை எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்திருந்தால் அந்தப் புத்தகம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கைக்காசு இல்லாத அவனைப் பராமரிக்க உள்ளூர் நிர்வாகம் மறுத்துவிட்டது. போமான்ட் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அலெக்சிஸ் அங்கே விறகு பிளந்தான், எடுபிடி வேலை செய்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, 1825 ஆகஸ்ட் 1ஆம் தேதி, பகல் 12 மணிக்கு, மருத்துவர் ஒரு பட்டு நூலை எடுத்தார். மசாலா போட்டுச் சமைத்த மாட்டிறைச்சி, உப்புக்கண்டம் போட்ட பச்சைப் பன்றிக் கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, உப்பிட்டு வேகவைத்த மாட்டிறைச்சி, பழைய ரொட்டி, நறுக்கிய பச்சை முட்டைக்கோஸ், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. பூக்கட்டுகிறவர் பூவைத் தொடுப்பதுபோல இடைவெளி விட்டு நூலில் கட்டினார். ஓட்டை வழியாக உள்ளே இறக்கினார். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தார். முட்டைக்கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி அப்படியே இருந்தது. மறுபடி உள்ளே விட்டார். இரண்டு மணிக்கு மறுபடி இழுத்தார். முட்டைக்கோஸ், ரொட்டி, பன்றிக் கொழுப்பு, வேகவைத்த இறைச்சி எல்லாம் நூலை விட்டு மறைந்திருந்தன. அலெக்சிஸுக்கு வயிறு வலித்தது, தலையும் வலித்தது. வலிக்காதா பின்னே?

அந்தக் காலத்தில் பண்டிதர்களுக்குள் பெரிய சண்டை. வயிறு அம்மியா, அடுப்பா, ஊறல் பானையா? அரைக்கிறது என்றார் ஒருவர். வேகவைக்கிறது என்றார் இன்னொருவர். புளிக்கவைக்கிறது என்றார் மூன்றாமவர். போமான்ட் என்ன செய்தார்? இரைப்பையில் ஊறும் நீரை ஓட்டை வழியாக எடுத்து ஒரு சிறு குப்பியில் ஊற்றினார். இறைச்சித் துண்டு ஒன்றை அதில் போட்டார். குப்பியை உடம்புச் சூட்டிலேயே வெந்நீரில் வைத்தார். இன்னொரு துண்டை நூலில் கட்டி அலெக்சிஸின் வயிற்றுக்குள் விட்டார். வயிற்றுக்குள் போனது இரண்டு மணி நேரத்தில் கரைந்தது. குப்பியில் இருந்தது மெதுவாக, சுமார் பத்து மணி நேரம் எடுத்துக்கொண்டு கரைந்தது. வயிறே இல்லாத இடத்தில், கண்ணாடிக் குப்பிக்குள், இறைச்சி செரித்துவிட்டது! அம்மியும் இல்லை, அடுப்பும் இல்லை. வேலையைச் செய்வது அந்த நீர்.

அந்த நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிவறை கழுவப் பயன்படும் அமிலத்தின் அதே இனம். லண்டனில் வில்லியம் பிரவுட் விலங்குகளின் இரைப்பையில் அதை ஏற்கெனவே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். அமிலத்துக்கு ஒரு கூட்டாளி உண்டு என்று 1836இல் தியோடர் ஷ்வான் காட்டினார். பெப்சின் என்கிற நொதி.

இந்த இடத்தில் ஒரு சுவையான சங்கதி. எந்த உணவு எவ்வளவு நேரத்தில் செரிக்கிறது என்று போமான்ட் ஒரு நீண்ட பட்டியல் போட்டார். கொழுப்பான வறுத்த பன்றி இறைச்சிக்கு ஐந்தேகால் மணி நேரம். கெட்டியாக வேகவைத்த முட்டைக்கு மூன்றரை மணி நேரம். பட்டியலில் மிகக் குறைந்த நேரம் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று எது தெரியுமா? வேகவைத்த அரிசி. ஒரே மணி நேரம். காய்ச்சல் வந்தால் குழைய வடித்த சோறும் ரசமும் கொடுக்கும் நம் வீட்டுக் கிழவிகள் போமான்ட்டைப் படித்ததில்லை. பெருமைப்படுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அந்த ஒரு மணி, அரிசி இரைப்பையை விட்டுக் கிளம்பும் நேரம். செரிமானத்தில் பெரும்பகுதி அதற்கு அப்புறம்தான் நடக்கிறது. அது போமான்ட்டின் ஜன்னலுக்கு எட்டவில்லை.

ஜன்னலுக்கு எட்டாத வழியை இன்று நாம் நடந்து பார்ப்போம். கூட ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு இட்லி, மிளகாய்ப் பொடி, குழைக்க நல்லெண்ணெய். இட்லியில் அரிசியின் மாவுச்சத்து, உளுந்தின் புரதம். பொடியில் ஊறிய எண்ணெய் கொழுப்பு. இந்த மூன்றுக்கும் மூன்று தலைவிதி.

முதல் நிறுத்தம் வாய். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் ஊறுகிறது. அதிலுள்ள நொதி மாவுச்சத்தைத் தொட்டவுடன் வெட்டத் தொடங்கிவிடும். நம்பாதவர்கள் இன்று இரவு வீட்டில் வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நிதானமாக மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். சர்க்கரை எங்கிருந்து வந்தது? சோற்றிலிருந்துதான் வந்தது. கைபேசியைப் பார்த்துக்கொண்டே நாலு வாயில் தட்டைக் காலி செய்கிறவர்களுக்கு இந்த இனிப்பு கிடைப்பதில்லை.

அடுத்தது தொண்டை. ஆபத்தான முச்சந்தி. மூச்சும் சோறும் ஒரே இடத்தில் குறுக்கே கடக்கின்றன. விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பும், அதன் மூடி கவிழும், ஒரு நொடி மூச்சு நிற்கும், கவளம் பின்பக்கமாக நழுவும். கழுத்தில் கை வைத்துக்கொண்டு விழுங்கிப் பாருங்கள், தெரியும். அந்த ஒரு நொடியில் சிரித்தாலோ பேசினாலோ புரை ஏறும். உடனே வீட்டில் என்ன சொல்வார்கள்? "யாரோ நினைக்கிறாங்க" என்று தலையில் தட்டுவார்கள். நினைக்கிறவர் நினைக்கட்டும். வாய் நிறையச் சோற்றோடு பதில் சொன்னதுதான் காரணம்.

உணவுக்குழாய் ஒரு சாண் நீளத்துக்குச் சற்று அதிகம், சுமார் 25 சென்டிமீட்டர். சோறு அதில் கல்லைப்போல விழுவதில்லை. பின்னால் சுருங்கி, முன்னால் விரிந்து, தசை ஓர் அலையாகத் தள்ளிக்கொண்டு போகிறது. 1962இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றக் கிளம்பியபோது மருத்துவர்களுக்கு இன்னும் ஒரு கவலை இருந்தது: எடையற்ற நிலையில் மனிதனால் ஒழுங்காக விழுங்க முடியுமா? குழாயில் அடைத்த ஆப்பிள் கூழை அவர் பிதுக்கிச் சாப்பிட்டுக் காட்டினார். போகவேண்டிய இடத்துக்குச் சிரமமில்லாமல் போய்ச் சேர்ந்தது. தலைகீழாக நின்றுகொண்டு சாப்பிட்டாலும் போகும். வீட்டில் செய்து பார்க்கவேண்டாம்.

இனி இரைப்பை. இங்கே உளுந்தின் புரதம் மாட்டிக்கொள்கிறது. அமிலம் அதை விறைப்பு நீக்கிப் பிரித்துப் போடுகிறது, பெப்சின் நறுக்குகிறது, தசை பிசைகிறது. இட்லி என்ற உருவமே போய்க் கூழாகிறது. இறைச்சியைக் கரைக்கிற இந்த அமிலம் இரைப்பையை ஏன் கரைப்பதில்லை? இரைப்பையும் சதைதானே? உள்சுவர் முழுக்கக் கோந்துபோல ஒரு சளிப் படலம் பூசியிருக்கிறது. படலத்துக்கு அடியில் சோடா உப்பின் இனத்தைச் சேர்ந்த காரம் ஊறுகிறது. அமிலம் சுவரைத் தொடுவதற்குள் காரம் அதை முறித்துவிடும். சுவரின் செல்களும் சில நாளுக்கொரு முறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. போன வாரம் உங்களுக்கு இருந்த இரைப்பைத் தோல் இந்த வாரம் இல்லை.

அந்தப் படலம் பழுதானால்? அல்சர். நேரத்துக்குச் சாப்பிடாததாலும் காரத்தாலும் கவலையாலும் வருவது என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்கூறு மருத்துவர் 1979இல் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவக் கிருமி ஒன்றைப் பார்த்தார். அவ்வளவு அமிலத்தில் கிருமியாவது, வாழ்வதாவது என்று சிரித்தார்கள். அவரோடு சேர்ந்த இளம் மருத்துவர் பேரி மார்ஷல் 1984இல் ஒரு காரியம் செய்தார். கிருமியை வளர்த்து, கலக்கி, தானே குடித்தார்! சில நாளில் குமட்டல், வாந்தி, வாயில் துர்நாற்றம். குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பை புண்பட்டுச் சிவந்து கிடந்தது. அதே கிருமி அங்கே குடியேறியிருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று அதற்குப் பெயர். வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று பல அல்சர்கள் இரண்டு வார மாத்திரையில் ஆறிவிடுகின்றன. காரச் சட்னியின் மேல் சுமத்திய பழியைத்தான் இன்னும் யாரும் வாபஸ் வாங்கவில்லை.

மனசுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதையும் முதலில் கண்ணால் கண்டவர் போமான்ட்தான். அலெக்சிஸுக்குக் கோபம் வந்தாலோ பயம் வந்தாலோ இரைப்பையின் உள்தோல் சிலசமயம் சிவந்து வறண்டுபோகும், சிலசமயம் வெளுத்துப்போகும் என்று குறித்து வைத்தார். தேர்வுக்குக் கிளம்பும் காலையில் "வயித்தைக் கலக்குது" என்று சொல்கிற மாணவி பொய் சொல்லவில்லை. இன்னொரு குறிப்பு அதைவிட முக்கியம். அலெக்சிஸ் சில நாள் தொடர்ந்து சாராயம் குடித்தபோது உள்தோலில் சிவந்த திட்டுகள் கண்டன. ஆனால் அவனோ எந்த வலியும் இல்லை என்றான். உள்ளே புண், வெளியே தெம்பு. குடிக்கிறவர்கள் "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்று சொல்லும்போது இந்தப் பக்கத்தை நினைத்துக்கொள்ளலாம்.

இரைப்பையின் கடைவாசலுக்கு மருத்துவத்தில் பைலோரஸ் என்று பெயர். கிரேக்கத்தில் வாயிற்காவலன் என்று பொருள். பொருத்தமான பெயர். கூழை மொத்தமாக விடமாட்டான். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று சிறுகுடலுக்குள் பீய்ச்சுவான். எண்ணெய்ப் பலகாரம் நிறையச் சாப்பிட்டால் இன்னும் தாமதிப்பான். அதனால்தான் தீபாவளியன்று மத்தியானம் யாருக்கும் பசிப்பதில்லை.

சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரு புதிர். அமிலத்தில் ஊறிய கூழ் வந்து விழுகிறது. விழுந்த சில நிமிடங்களில் கணையம் காரநீரைக் கொட்டி அமிலத்தை முறிக்கிறது. கூழ் வந்துவிட்டது என்று கணையத்துக்குச் சொன்னது யார்? நரம்பு என்றார்கள். ரஷ்யாவில் இவான் பாவ்லவ் அப்படித்தான் சொன்னார். மணியடித்தால் எச்சில் ஊறும் நாயின் கதையில் வருகிற அதே பாவ்லவ். அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காகத்தான். பலருக்கு இது தெரிவதில்லை. லண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்று இரண்டு பேர். மைத்துனர் உறவு. 1902 ஜனவரி 16 அன்று ஒரு நாயின் குடல் துண்டில் நரம்புகளை முழுக்க அறுத்துவிட்டு அமிலத்தை ஊற்றினார்கள். நரம்பு இல்லை, சேதி போக வழியில்லை. கணையம் சும்மா இருக்கவேண்டும். இருந்ததா? சுரந்தது! உடனே ஸ்டார்லிங் குடலின் உள்தோலைச் சுரண்டி, அமிலத்தோடும் மணலோடும் அரைத்து, வடிகட்டி, இரத்தத்தில் செலுத்தினார். கணையம் மறுபடி சுரந்தது. சேதி இரத்தத்தில் கரைந்து போகிறது என்பது அன்று பிற்பகல் உறுதியானது. அந்தத் தூதுப்பொருளுக்கு செக்ரீட்டின் என்று பெயர் வைத்தார்கள். இப்படிப்பட்ட தூதுப்பொருள்களுக்கெல்லாம் பொதுவாக ஹார்மோன் என்ற பெயரை ஸ்டார்லிங் 1905இல் வழங்கினார். இன்று தைராய்டு, இன்சுலின் என்று வீட்டுக்கு வீடு பேசுகிறோமே, ஹார்மோன் என்ற அந்தச் சொல் பிறக்கக் காரணமானது குடல்தான்.

நல்லெண்ணெய் என்ன ஆனது? அது இன்னும் மிதந்துகொண்டே இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போகுமா? சீயக்காயோ சோப்போ வேண்டும். கல்லீரல் தயாரிக்கும் பித்தநீர்தான் அந்த சோப்பு. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே பித்தப்பையில் சேர்ந்து கெட்டியாகும். எண்ணெய் வந்ததும் பை சுருங்கிப் பீய்ச்சும். எண்ணெய் பொடிப்பொடித் துளியாக உடையும். அப்புறம்தான் கணையத்தின் நொதி அதில் வாய் வைக்க முடியும். வேலை முடிந்த பித்த உப்பில் பெரும்பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். கல்லீரல் சிக்கனக்காரர்.

இப்போது கணக்குப் பாருங்கள். மாவுச்சத்து குளுக்கோசாகிவிட்டது. புரதம் அமினோ அமிலமாகிவிட்டது. எண்ணெய் நுண்துளியாகிவிட்டது. ஆனால் இன்னமும் வடையின் ஓட்டைக்குள்தான் இருக்கின்றன. இன்னமும் வெளியேதான்!

வாசல் இனிமேல்தான். சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர் நீளம். உள்ளே தொட்டால் வெல்வெட் துணிபோல இருக்கும். அந்த வெல்வெட்டின் ஒவ்வொரு நூலும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குடலுறிஞ்சி. ஒவ்வொரு உறிஞ்சியின் மேலும் ஆயிரக்கணக்கான செல்கள். ஒவ்வொரு செல்லின் தலையிலும் தூரிகைபோல இன்னும் நுண்ணிய இழைகள். விரித்துப் போட்டால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2014இல் மறுபடி அளந்தார்கள். சுமார் 30 சதுர மீட்டர்தான். பாதி பூப்பந்து மைதானம் என்றார்கள். டென்னிஸ் மைதானம் போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒரு சின்ன வீட்டின் தரை முழுவதையும் சுருட்டி மடித்து வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடுகிறோம் என்பதே போதும்.

குடலுறிஞ்சியின் செல்லைத் தாண்டுகிற அந்தக் கணத்தில்தான் இட்லி உள்ளே வருகிறது. அதற்குமுன் அது விருந்தாளி, இனி வீட்டு ஆள். குளுக்கோசும் அமினோ அமிலமும் இரத்தத்தில் ஏறி நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. எண்ணெய்க்கு மட்டும் தனி ஒற்றையடிப் பாதை. இத்தாலியில் காஸ்பரே அசெல்லி 1622இல் ஒரு நாயை அறுத்துப் பார்த்தபோது குடலைச் சுற்றி வெள்ளை நூல்கள் படர்ந்திருந்தன. நரம்பு என்று நினைத்து ஒன்றைக் கீறினார். பால்போல ஒழுகியது. அந்த நாய் சற்றுமுன்தான் வயிறாரச் சாப்பிட்டிருந்தது. கொழுப்பு ஏந்திப் போகும் நிணநீர்க் குழாய்கள் அவை. மேக்கினாக்கில் துப்பாக்கி வெடித்ததற்குச் சரியாக 200 ஆண்டு முன்பு.

வாசல் பழுதானால் என்ன ஆகும்? அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

ஒரு நாளில் உங்கள் குடலுக்குள் எவ்வளவு நீர் வந்து சேர்கிறது? நீங்கள் குடிப்பதும் உண்பதுமாக இரண்டு லிட்டர். உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தம், கணையநீர், குடல்நீர் என்று உடம்பே ஊற்றுவது ஏழு லிட்டர். ஆக 9 லிட்டர். ஒரு சின்ன வாளி! இதில் மலத்தோடு வெளியே போவது ஒரு டம்ளர் அளவுகூட இல்லை. மீதி அத்தனையும் சுவரைத் தாண்டி உள்ளே திரும்புகிறது. காலரா வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. கிருமியின் நஞ்சு குடல் செல்லின் குழாயைத் திறந்துவிட்டுத் திருகை உடைத்துவிடுகிறது. உப்பும் நீரும் குடலுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். காலையில் நடமாடிய மனிதர் மாலைக்குள் கண் உள்வாங்கி வற்றிப்போவார். தண்ணீர் குடித்தாலும் நிற்காது.

ஆனால் நஞ்சு ஒரு கதவைத் தொடுவதில்லை. குடல் செல்லில் குளுக்கோசும் உப்பின் சோடியமும் கைகோத்துக்கொண்டு வந்தால் மட்டும் திறக்கிற ஒரு கதவு உண்டு. தனியாக வந்தால் திறக்காது, ஜோடியாக வரவேண்டும். ஜோடி உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். இதை 1960இல் ராபர்ட் கிரேன் சொன்னார். டாக்காவில் 1968இல் காலரா நோயாளிகளிடம் சோதித்து, பலிக்கிறது என்று கண்டார்கள். ஆனால் படித்த மருத்துவர்களில் பலர் நம்பவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரா மருந்து?

1971. வங்கதேசப் போர். அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். பொங்காவ் என்கிற எல்லை ஊரின் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். இரத்தக்குழாயில் ஏற்றும் சலைன் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. கல்கத்தாவிலிருந்து போன திலீப் மகலானபிஸ் என்ற குழந்தை மருத்துவர் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, பெரிய பீப்பாய்களில் கலக்கி, குழாய் வைத்துவிட்டார். யார் குடிக்கக் கொடுப்பது? செவிலியர் போதாது. அண்ணன் தம்பிக்கு, தாய் பிள்ளைக்கு, பக்கத்துப் பாய்க்காரர் பக்கத்துப் பாய்க்காரருக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். முகாம்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த நோயில், அவர் கையில் இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று லான்செட் இதழ் 1978இல் எழுதியது. மகலானபிஸ் 2022இல் மறைந்தார். நோபல் பரிசு அவருக்கு வரவில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் இதன் வாரிசுதான். கடை இல்லாத இடத்தில் சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சிக்கும் அதே கதவு திறக்கிறது, ஏனென்றால் சோறு கடைசியில் குளுக்கோஸ்தான்.

பெருங்குடலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நேரமாகிவிட்டது, சுண்டலும் ஆறுகிறது. ஒன்றரை மீட்டர் நீளம். மிச்ச நீரை வற்றவைக்கும். நாம் செரிக்க முடியாமல் விட்ட நாரைக் கோடானுகோடி பாக்டீரியாக்கள் தின்று, பதிலுக்குக் குடலுக்கு உணவும் கொஞ்சம் வைட்டமினும், வேண்டாமென்றாலும் வாயுவும் தருகின்றன. அவை நம் செல்களைப்போலப் பத்து மடங்கு என்று ஒரு கதை உலவியது. 2016இல் எண்ணிப் பார்த்தவர்கள் ஏறக்குறைய சமம் என்றார்கள்: அவை 38 லட்சம் கோடி, நம் செல்கள் 30 லட்சம் கோடி. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே வயிறு கடமுடா என்று சத்தம் போடுகிறதே, அது பசியின் அழுகை மட்டுமில்லை. ஒன்றரை மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு பெரிய அலை இரைப்பையிலிருந்து கிளம்பி மிச்சம் மீதியைக் குடல் வழியாகப் பெருக்கித் தள்ளிக்கொண்டு போகும். ஓயாமல் கொறித்துக்கொண்டே இருக்கிறவர் வீட்டில் பெருக்குகிற ஆளுக்கு நேரமே கிடைப்பதில்லை.

அலெக்சிஸ் என்ன ஆனான்?

1825இலேயே ஒருமுறை மருத்துவரிடம் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டான். கல்யாணம் செய்துகொண்டான், பிள்ளைகள் பிறந்தன. போமான்ட் தேடிப் பிடித்து 1829இல் குடும்பத்தோடு வரவழைத்தார். ஆண்டுக்கு 150 டாலர், சாப்பாடு, துணிமணி என்று ஒப்பந்தம் எழுதிக் கைநாட்டு வாங்கினார். செலவைச் சமாளிக்க அவனை ராணுவத்தில் சார்ஜெண்டாகவே பதிவு செய்தார்கள். வயிற்றைக் காட்டுவதற்காகச் சம்பளம் வாங்கிய சார்ஜெண்ட்! 200க்கும் மேற்பட்ட சோதனைகள். 1833இல் போமான்ட்டின் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டு ஊருக்குப் போன அலெக்சிஸ் பிறகு திரும்பவே இல்லை. போமான்ட் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார், பணம் கூட்டிச் சொன்னார். 1853இல் பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்து போமான்ட் இறந்தார்.

அலெக்சிஸ் அதற்குப் பிறகும் 27 ஆண்டு வாழ்ந்தான். விலாவில் ஓட்டையோடு மொத்தம் 58 ஆண்டு. விறகு வெட்டினான், வயலில் உழைத்தான், குடித்தான், பேரப்பிள்ளை பார்த்தான். கியூபெக் மாகாணத்தில் ஒரு கிராமத்தில் 1880 ஜூன் 24 அன்று கண்ணை மூடினான். மான்ட்ரியலில் இருந்த புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் அந்த இரைப்பையை வாங்கி வாஷிங்டனிலுள்ள ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தில் வைக்க ஆசைப்பட்டார். பிரேதப் பரிசோதனைக்கு வந்தால் உயிரோடு திரும்பமாட்டீர்கள் என்று அவருக்குத் தந்தி போனது. ஜூன் மாத வெயில். குடும்பத்தார் உடலை நாலு நாள் வீட்டிலேயே கிடத்தி, எந்த மருத்துவருக்கும் பயன்படாதபடி அழுகவிட்டார்கள். நாற்றம் தாங்காமல் கோவிலுக்குள் கொண்டுபோக முடியவில்லை. சவப்பெட்டியை வாசலில் வைத்தே பூசை நடந்தது. பிறகு எட்டடி ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.